கூரைச் சீலை இறங்கிய கார்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
14.09.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் றஜிதாவுக்கு,

நீயும் மருமகன் பிரகாசும் அந்தக் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கப் புனித யாகப்பரை மன்றாடிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். உங்கள் நலத்தைக் கேட்டபின் எங்கள் நலத்தைச் சொல்வதுதான் கடிதத்தின் ஒழுங்கு, முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் இருந்தவன் அதை மீறக்கூடாது. ஆனாலும் எங்கள் பாதியை இப்போதைக்கு இடைவெளியாக விட்டிருக்கிறேன், முடிகிற இடத்தில் நிரப்பப் பார்க்கிறேன். கிழமைக்கு மூன்று முறை போனில் முகம் பார்த்துக் கதைக்கிற மகளுக்கு அப்பா எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். நேற்று முத்திரை வாங்கப் போனபோது கந்தோரில் இருந்த பிள்ளையும் அதைத்தான் கேட்டாள். "ஐயா, இப்ப ஆர் உதெல்லாம் எழுதினம்" என்றாள். அருங்காட்சியகத்திலிருந்து எழும்பி வந்தவனைப் போல என்னைப் பார்த்தாள். காரணம் எளிது. நீ போனில் வரும்போது அம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறார். வட்சப்பில் எழுதினால் உனக்கு முன்னால் அவர் வாசிப்பார், என் போனைத் திறக்கும் இரகசிய எண் அவருடைய பிறந்த தேதி, அதை வைத்தவரும் அவர்தான். அதோடு, உனக்குத் தெரியக்கூடாது என்று யாகப்பர் கோயிலில் வைத்து என்னிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறார். "பிள்ளைக்குப் போனிலை ஒண்டும் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். இன்றுவரை போனில் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றி அன்று அம்மாவும் பேச்செடுக்கவில்லை, யாகப்பரும் பேச்செடுக்கவில்லை.

ஆகவே ஒரு கதிரையில் இருந்துகொண்டு வாசி. அம்மாவின் இடது மார்பில் ஒரு கட்டி. யூன் மாதம் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது, யூலை மாதம்தான் எனக்குச் சொன்னார். நடுவில் இருந்த மாதம் அது தானாகக் கரைவதற்கு அவர் கொடுத்த தவணை. நாங்கள் வழமையாகக் காட்டுகிற டொக்டர் பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், தெல்லிப்பழைக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். தெல்லிப்பழை என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். மற்றச் சனங்களுக்காவது துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. வேதக்காரரான எங்களுக்கு அந்த ஊரில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு அலுவல் கிடையாது. யூலை இருபத்திரண்டு செவ்வாய்க்கிழமை யாருக்கும் சொல்லாமல் எங்கள் காரில் போனோம். ஊசி போட்டுக் கட்டியில் கொஞ்சம் எடுத்தார்கள், இரண்டு கிழமையில் முடிவு வரும், செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வாருங்கள் என்றார்கள். அதற்கு மூன்றாம் நாள் யாகப்பர் திருநாள். நீ போன் எடுத்தாய், அம்மா புதுச் சேலையோடு நின்று உனக்குச் சுற்றிக் காட்டினார், நீயும் அழகாயிருக்கிறது என்றாய். அழகாகத்தான் இருந்தது.

இனி நான் காரைப் பற்றி எழுதவேண்டும். நோயை விட்டுவிட்டு இந்த மனுசன் காருக்குப் போகிறாரே என்று கோபிக்காதே, ஐந்து கிழமையாக இந்த வீட்டில் நோயைப் பற்றி யாருமே கதைக்கவில்லை, காரைப் பற்றித்தான் கதைத்தோம். நீ ஓடப் பழகிய அதே வெள்ளைக் கார்தான். அதன் உட்கூரையில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறச் சீலை உயிர்த்த ஞாயிறு தொடக்கம் விட்டுக்கொண்டு வந்தது. முதலில் நடுவில் ஒரு சின்ன வயிறு, பிறகு பேறுகாலம் நெருங்கின வயிறு. அம்மா ஊக்குகளால் குத்தி வைத்தார். நான் படம் எடுத்து அனுப்ப, நீ யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் சுருள் ஆணி திருகுகிற காட்சியையும் மூன்று விதப் பசைகளின் பெயரையும் அனுப்பியிருந்தாய். காரை விற்றுவிடுங்கோ என்றும் எழுதியிருந்தாய். அந்த யூலை இருபத்திரண்டு திரும்பி வரும்போது, கொக்குவில் றெயில் கடவையைத் தாண்டினதும் ஒரு குழியில் கார் விழுந்து எழும்ப, ஊக்குகள் எல்லாம் ஒன்றாகக் கழன்று முழுச் சீலையும் அம்மாவின் தலைக்கு மேல் இறங்கிவிட்டது. அவர் கத்தவில்லை. சீலையைத் தட்டிவிடவும் இல்லை. முகம் மூடினபடி அப்படியே நிமிர்ந்து இருந்தார். நான் காரை ஓரமாக்கிச் சீலையைத் தூக்கினபோது, "பெட்டி மூட முன்னம் போடுறது உப்பிடித்தான்" என்றார். உன் பெரியம்மா இறந்தபோது, பெட்டி மூடுவதற்கு முன் முகத்தில் வெள்ளைச் சீலை போட்டது உன் அம்மாதான். நீயும் அதை அங்கேயிருந்து நேரலையில் பார்த்தாய்.

ஓகஸ்ட் ஐந்தாம் திகதி முடிவு அறியப் போகவேண்டிய நாள். அம்மா விடிய எழும்பிக் குளித்து, உடுத்து, டொக்டர் எழுதின துண்டையும் செபமாலையையும் கைப்பையில் வைத்துக்கொண்டு கார் வரைக்கும் வந்தார். கதவைத் திறந்து மேலே பார்த்தார். நான் சீலையை வாரி ஒரு கயிற்றால் கட்டி வைத்திருந்தேன். "உதுக்குள்ளை நான் ஏறமாட்டன். சீலையைச் சரிப்பண்ணுங்கோ, வாறன்" என்றார். ஓட்டோ பிடிப்போம் என்றேன். "ஓட்டோவிலை தெல்லிப்பழைக்குப் போனால் நாங்கள் திரும்பி வரமுன்னம் செல்வநாயகி எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து நிப்பா" என்றார். மதிலுக்கு அந்தப்பக்கத்துச் செல்வநாயகி அக்காவை உனக்குத் தெரியும், நல்ல மனுசி, அவவுக்கு ஒரு செய்தி கிடைத்தால் அதை வைத்திருக்கிற பாத்திரம்தான் அவவிடம் இல்லை. பஸ் என்றேன், பஸ்ஸில் கொழும்புத்துறையிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் தனக்குச் சொந்தக்காரர் என்றார். அதுவும் உண்மைதான். திரும்பி வீட்டுக்குள் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் கிளினிக்குக்குப் போன் எடுத்துச் சாட்டுச் சொன்னேன், எந்தச் செவ்வாயும் வரலாம், ஆனால் சுணக்கவேண்டாம் என்றார்கள். அன்று பின்னேரம் நீ எடுத்தபோது விளைமீன் குழம்பைப் பற்றி அரை மணித்தியாலம் உனக்குச் சொன்னோம். அன்று வீட்டில் மீனே வாங்கவில்லை.

சீலையை ஒட்டுகிற அலுவல் உடனே ஊர்ப்பொது அலுவலாகிவிட்டது. இந்த ஒழுங்கையில் கார் உள்ளவன் நான் ஒருவன்தான், கார்க் கூரை பற்றி அறிந்தவர்கள் பதினான்கு பேர். கோதுமைமாப் பசை என்றார் ஒருவர், சப்பாத்துப் பசை என்றார் இன்னொருவர், சீலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மொட்டையாக ஓடு, வெக்கைக்கு நல்லது என்றார் மூன்றாமவர், அவர் வாழ்நாளில் கார் ஏறினது தன் கலியாணத்துக்கு மட்டும். இதற்குள் உன் மாமன் கிறிஸ்ரோபர் வந்து சேர்ந்தார். பைபர் வள்ளத்துக்கு ஓட்டை அடைக்கிறதில் இந்தக் கரையில் அவரை விட்டால் ஆளில்லை என்பதை நான் மறுக்கவில்லை. தமக்கைக்கு என்ன வருத்தம் என்பது அவருக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார், வள்ளத்தைப் பார்ப்பதுபோல விரலால் தட்டிப் பார்த்தார். "இதுக்கோ அத்தான் இவ்வளவு பாடு. கடலுக்குள்ளை இருவது வருசம் விடாத றெசின் காருக்குள்ளை விட்டிடுமோ" என்றார். சீலைக்கு அது ஒத்துவருமா என்று மெதுவாகக் கேட்டேன். "அத்தான், உங்களுக்கு முத்திரை ஒட்டத் தெரியும். மிச்சத்தை எங்களிட்டை விடுங்கோ" என்றார். விட்டேன்.

றெசின் தகரத்தை முதல்நாளே கொண்டுவந்து என்னிடம் வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை அதை இறுக வைக்கிற மருந்தும் தூரிகையுமாக வந்தார். கூரையின் பலகை மட்டைக்குத் தாராளமாகப் பூசி, சீலையை அதில் வைத்து அமத்தி, விழாமல் இருக்க இரண்டு துடுப்பைச் சீற்றிலிருந்து மேலே முட்டுக் கொடுத்து வைத்தார். இறுகட்டும், நாளைக்குப் பூசை முடிய வாறன் என்று போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எல்லோருமாய்ப் போய்ப் பார்த்தோம். றெசின் இறுகியிருந்தது, அதில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சீலையின் பின்புறத்தில் இருக்கிற பஞ்சு அந்த றெசினை எல்லாம் குடித்து, அது சீலைக்கு இந்தப் பக்கமும் வந்து, முழுக்கூரையும் பொரித்த பப்படம் போல மஞ்சளாய் முறுகிப்போய் நின்றது. அங்கங்கே துளிகள் இறங்குகிற வழியில் இறுகித் தொங்கின. துடுப்பு இரண்டும் கூரையோடு ஒட்டிவிட்டன. ஒன்றை இழுத்தபோது கார் ஆடினதே தவிரத் துடுப்பு ஆடவில்லை. கடைசியில் மரம் அரிகிற வாளால் அரிந்துதான் எடுத்தோம், அரிந்த மிச்சம் இரண்டு கொம்பு போல மேலே நின்றது. கிறிஸ்ரோபர் தோல்வியை ஒப்புக்கொள்கிற பரம்பரை இல்லை. "எப்பிடியும் அத்தான், இனி இதைக் கவிழ்த்துக் கடலிலை விட்டாலும் தாழாது" என்றார். அந்த மணம் பத்து நாள் நின்றது. அம்மா ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்து, சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த மணத்துக்குள்ளை எப்பிடிப் போறது" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் கவலை இல்லை, மகள். நான் கண்டேன். செவ்வாய்க்கிழமைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

இந்த இடத்தில் உனக்கு ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும், இதற்காகத்தான் நான் இரண்டு தாளைக் கிழித்துவிட்டு இதை மூன்றாம் தரம் எழுதுகிறேன். எழுத்தென்று எதைக் கண்டாலும் வாசிக்கிறவன் நான். வடை சுற்றி வருகிற கடதாசியை விரித்து வாசித்து முடிக்காமல் வடை தின்னமாட்டேன் என்று நீ சின்ன வயதிலேயே பகிடி பண்ணுவாய். அந்த றெசின் தகரம் ஒரு இரவும் ஒரு பகலும் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. எதற்குப் பாவிக்கலாம், எதற்குப் பாவிக்கக்கூடாது என்று நாலு பக்கமும் அச்சடித்திருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. துடுப்பை அரிந்து முடிந்த பிறகுதான் வாசித்தேன், துணிக்கும் பஞ்சுக்கும் ஆகாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஓகஸ்ட் ஐந்தாம் திகதி அம்மா ஏறமாட்டன் என்று திரும்பிப் போனபோது எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. கார்த் திறப்பைக் கொண்டுபோய் ஆணியில் கொழுவிவிட்டு ஒரு ரீ போட்டுக் குடித்தேன், மனதுக்குச் சுகமாக இருந்தது. அந்த முடிவைக் கேட்க உன் அம்மாவுக்கு எவ்வளவு பயமோ, எனக்கும் அவ்வளவு பயம். அவர் சீலையைச் சொன்னார், நான் சீலையைத் திருத்தினேன், அதுவும் திருந்தாத விதமாகத் திருத்தினேன். ஐம்பது வருடம் வாசித்த வாசிப்பெல்லாம் ஒரு தகரத்தை வாசிக்காமல் விடுவதற்கு உதவியது.

என்னை உலுப்பிவிட்டது செல்வநாயகி அக்கா. ஓகஸ்ட் கடைசியில் மதிலுக்கு மேலால் எட்டி, "லூர்த்தம்மா மெலிஞ்சு போனா, என்னண்ணை, சாப்பாடு குடுக்கிறேல்லையோ" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். நானும் சிரித்தேன். உள்ளே வந்து பார்த்தேன், அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டு நின்றார், சட்டை தோளில் தொளதொளத்துக் கிடந்தது. அன்றைக்கே காரைக் கொக்குவிலுக்கு ஓடிக்கொண்டு போனேன். அங்கே ஜெயரூபன் என்று ஒருவர், வீட்டு வளவுக்குள்ளேயே கொட்டில் போட்டுக் காருக்குக் குசன் வேலை செய்கிறார். நாற்பது வயது இருக்கும், வாய்க்குள் எப்போதும் நாலு ஆணி, அதனால் அதிகம் கதைக்க வழியில்லை. கதவைத் திறந்து கொம்பு இரண்டையும் பார்த்துவிட்டு ஆணிகளைக் கையில் எடுத்தார். "ஐயா, இதிலை எந்தக் கடலுக்குப் போனனீங்கள்" என்று கேட்டார். மைத்துனர் வள்ளக்காரர் என்றேன். "விளங்குது" என்றார். பிறகு ஆறுதலாகச் சொன்னார். சீலையில் பிழை இல்லையாம், பசையிலும் பிழை இல்லையாம், நடுவில் இருக்கிற பஞ்சு வயது போய் மாவாய் உதிர்ந்துவிடுகிறதாம், உதிர்ந்த மாவுக்கு மேல் எந்தப் பசையைப் பூசினாலும் அது மாவில்தான் ஒட்டும், கூரையில் ஒட்டாதாம். "பவுடர் போட்ட முகத்திலை பொட்டு நிக்குமோ ஐயா. முதல்லை முகத்தைக் கழுவவேணும்" என்றார். மட்டை முழுவதையும் கழற்றி, பழசெல்லாம் சுரண்டித் துடைத்து, புதுப் பஞ்சுச் சீலை ஒட்டுவதுதான் வேலை, என்னுடைய கூரையில் மட்டை றெசினோடு மூன்று துண்டாய் உடைந்து வந்ததால் புது மட்டையும் வெட்டவேண்டியதாயிற்று. அதனால் இன்னும் ஒரு செவ்வாய் போயிற்று. அது மட்டும் என் கணக்கில் வராது.

சீலைத் துண்டுகளை மாதிரிக்குத் தந்துவிட்டார், வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் பரப்பினேன். வெள்ளையைத் தொடவே இல்லை. கறுப்பைத் திருப்பித் தந்தார். மாதா உடுத்துகிற இளநீலத்தில் ஒன்று இருந்தது, அதை விரலால் தடவிக்கொண்டு கனநேரம் இருந்தார். "இது நல்லாயிருக்கு" என்றார், பிறகு, "எப்ப முடியுமாம்" என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன். அப்போது அவர் துண்டுகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினார், அடுக்கினதைக் கலைத்துத் திரும்பவும் அடுக்கினார். இந்த மாதம் எட்டாம் திகதி திங்கட்கிழமை பின்னேரம் காரைக் கொண்டுவந்தேன். மகள், ஒரு சுருக்கம் இல்லை. மேலே பார்த்தால் வானம் போல் இருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் வானத்தில் இவ்வளவு ஒழுங்கு கிடையாது. ஜெயரூபன், இரண்டு நாளைக்கு வெயிலில் பூட்டி வைக்காதேங்கோ, மற்றும்படி நான் செத்தாலும் இது விழாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குக் கார்க் கதவைத் திறக்கிறேன், முன் இடது சீற்றுக்கு மேலே, அம்மா இருக்கிற பக்கத்து மூலையில், ஒரு முழத்துக்குச் சீலை கிளம்பித் தொங்குகிறது. மற்ற இடமெல்லாம் கல்லுப் போல் நிற்கிறது. ஜெயரூபனுக்குப் போன் எடுத்தேன். எந்த மூலை என்று கேட்டார், சொன்னேன். "ஐயா, அது தானா விடாது. ஆரோ நகத்தாலை கிளப்பியிருக்கினம்" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா கைப்பையோடு வாசலில் நிற்கிறார். வலது பெருவிரல் நகத்துக்குள் இளநீலத்தில் ஒரு நூல் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் நகத்தைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வருடத்தில் ஒருவரையொருவர் பொய்யில் பிடித்த நேரங்கள் எத்தனையோ உண்டு, எல்லாவற்றுக்கும் நான் ஏதாவது பகிடி வைத்திருந்தேன். அன்று ஒன்றும் வரவில்லை. "சீலை விழுந்துதான் இருக்கு லூர்த்து. எனக்கும் பயமாத்தான் இருக்கு. இப்பிடியே போவம்" என்றேன். நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு வந்து ஏறினார். ஏறி இருந்து, கைப்பையை மடியில் வைத்து, இடது கையைத் தூக்கி அந்த மூலையை உள்ளங்கையால் மேலே அமத்திப் பிடித்தார். "ஓடுங்கோ. நான் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்றார்.

குருநகரிலிருந்து தெல்லிப்பழை வரைக்கும் பிடித்துக்கொண்டுதான் வந்தார். கொக்குவில் கடவையில் றெயிலுக்காக நின்றபோது கையை மாற்றினார். உடுவில் சந்தி கழியக் கொஞ்சம் வேகமாக ஓடினேன், "ஆறுதலாப் போங்கோ, கை உளையுது" என்றார். மல்லாகத்தில் சைக்கிளில் வந்த ஒரு கிழவர் அம்மா தனக்குத்தான் கை காட்டுகிறார் என்று எண்ணித் திருப்பிக் கை காட்டிக்கொண்டு போனார், அம்மா மற்றக் கையால் அவருக்குப் பதில் கை காட்டினார், ஆர் உவர் என்று என்னைக் கேட்டார், தெரியாது என்றேன். இருவரும் சிரித்தோம். ஆஸ்பத்திரி வாசலில் சிரிப்பு நின்றுவிட்டது.

புற்றுநோய்தான், பிள்ளை. கையிலிருந்த தாளைப் பார்த்து அந்த இளம் பெண் டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். ஏன் அம்மா ஐந்து கிழமை வரவில்லை என்று கேட்டார். "கார் திருத்த விட்டிருந்தது" என்றார் உன் அம்மா, அது உண்மை என்பதற்கு நான் தலையாட்டினேன். சுணங்கியதால் பெரிதாகக் கெட்டுவிடவில்லை, ஆனால் இனி ஒரு கிழமையும் பிந்தக்கூடாது என்றார். ஒக்டோபர் ஏழாம் திகதி சத்திர சிகிச்சை. அதன் பிறகு மருந்தும் கதிரும், எத்தனை என்று அதன் பிறகுதான் சொல்வார்களாம். ஆரம்பத்தில் பிடித்தவர்கள் கனபேர் சுகமாக இருக்கிறார்கள் என்றும் சொன்னார், இது ஆரம்பமா என்று நான் கேட்டேன், நடு என்றார். திரும்பி வரும்போது கொக்குவிலில் காரை நிப்பாட்டச் சொன்னது அம்மாதான். ஜெயரூபன் வாயில் ஆணியோடு வந்து மூலையைப் பார்த்தார். "நான்தான் தம்பி கிளப்பினது" என்றார் அம்மா. அந்த மனுசன் ஆணிகளை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "தெரியும் அம்மா. பழஞ்சீலை தானா விழும். புதுச்சீலைக்கு ஆள் வேணும்" என்றார். ஐந்து நிமிடத்தில் ஒட்டித் தந்தார், ஏன் என்று கேட்கவில்லை. அம்மா போய் ஏறி இருந்து மேலே ஒருக்கால் பார்த்துவிட்டு, கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நித்திரையாகி வந்தார்.

இனி உன் அலுவல். உனக்குச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்றுதான் அம்மா சொல்லவேண்டாம் என்கிறார். வரக்கூடியதாக இருந்தால் ஏழாம் திகதிக்கு முன்னம் வா. லீவு கிடைக்காவிட்டால் அதற்காக மருமகனோடு சண்டை பிடிக்காதே, நான் இருக்கிறேன், கிறிஸ்ரோபருக்கும் நாளை சொல்லப் போகிறேன், இரத்தம் தேவைப்பட்டால் அவர்தான் தரவேண்டும், அதையாவது அவர் இறுகாத விதமாகத் தருவார் என்று நம்புவோம். காரை விற்கும்படி இனி எழுதாதே. நீ அனுப்பப்போவதாகச் சொன்ன பசையையும் அனுப்பாதே. உனக்கும் முப்பத்தெட்டு வயது, அங்கே ஒரு டொக்டரிடம் போய் உன்னையும் காட்டிக்கொள். நாளைக்கு நாளைக்கு என்று சொல்லுகிற குணம் உனக்கு இரண்டு பக்கத்தாலும் வந்திருக்கிறது.

மேலே இடைவெளி விட்டிருந்தேன். அம்மா நேற்று சந்தைக்குத் தானே போய் விளைமீன் வாங்கி வந்து குழம்பு வைத்தார், இந்த முறை உண்மையாக வைத்தார், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டோம். இரவில் அவர் நித்திரை கொள்கிறார், நான் கொள்வதில்லை. இதற்கு மேல் நிரப்ப என்னிடம் இல்லை. உங்கள் இருவரையும் மாதாவின் கையில் ஒப்புக்கொடுக்கிறேன், நெற்றியில் சிலுவை போட்டுக் கொஞ்சினதாக எடுத்துக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்து நீ போன் எடுக்கும்போது அழவேண்டாம், எப்படி இருக்கிறீங்கள் அம்மா என்று கேட்கவும் வேண்டாம், அதற்கு அவர் வழமையாகச் சொல்கிற பதில்தான் வரும். கார்ச் சீலை எப்படி நிற்கிறது என்று கேள். அப்பா கடிதம் போட்டுவிட்டார் என்று அந்தக் கேள்வியிலேயே விளங்கிக்கொள்வார், என்னை ஒரு பார்வை பார்ப்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிறகு அவரே உனக்குச் சொல்லுவார்.

எப்போதும் உன் அப்பா,
செல்வரட்ணம்